தட்டுமுட்டுப் பொருள்கள் கைமாறிய கதை

வரலாறு என்றவுடன் மாணவ நண்பர்கள் பலருக்கு மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளும் நினைவுக்கு வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் அவற்றையே கற்பித்து ஓய்வு பெற்ற நான், இன்று வானொலி வாயிலாக உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. நகரத்து அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒருவர், தமக்கு இனி வேண்டாத கட்டிலையோ அலமாரியையோ எவ்வாறு அகற்றுகிறார் என்பதே அது. இதிலும் வரலாறு உண்டா என்று நீங்கள் வினவலாம். நம் வீட்டுக் கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு நாள் வாசலைக் கடந்து வெளியே சென்றாக வேண்டும். அது எங்கே சென்றது, யார் கைக்குச் சென்றது, எந்த நிலையில் சென்றது என்று கேட்டுப் பார்த்தால், ஒரு நகரத்தின் முந்நூறு ஆண்டு வாழ்வு அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டாகிய 2019இல் நானும் என் மனைவியாரும் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்துக்குக் குடிபெயர்ந்தோம். இரண்டே அறைகள் கொண்ட வீடு. பழைய வீட்டிலிருந்து கொணர்ந்த பொருள்களில் இரண்டுக்கு அங்கே இடமில்லை. ஒன்று, என் தந்தையார் 1950களில் எங்கள் ஊர்த் தச்சரைக் கொண்டு செய்வித்த தேக்குமரக் கட்டில். மற்றொன்று, 2012இல் நாங்கள் கடையில் வாங்கிய பளபளப்பான துணி அலமாரி. அறுபது வயதைக் கடந்த கட்டில் ஒரு முற்பகலுக்குள் மதிப்போடு வெளியேறியது. ஏழே வயதான அலமாரியோ மூன்று மாதம் எங்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்று, முடிவில் எனக்குத் தலைகுனிவையும் தந்துவிட்டே சென்றது. இந்த வேறுபாடு ஏன் நேர்ந்தது என்று எண்ணத் தொடங்கியபோதுதான் இந்தச் சிறிய பொருளின் பெரிய வரலாறு எனக்குப் புலனாயிற்று.

பழந்தமிழர் இல்லங்களில் தட்டுமுட்டுப் பொருள்கள் மிகச் சிலவே இருந்தன. அமர்வதற்கு மணை, படுப்பதற்குப் பாய், நெல்லைச் சேமிக்கக் குதிர், துணிமணிக்கு ஒரு பெட்டி என்ற அளவோடு எளிய குடும்பத்தின் உடைமை முடிந்துவிடும். கட்டில் செல்வர்க்கும் அரசர்க்கும் உரியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் கட்டிலை விரிவாகப் புனைந்துரைக்கிறது. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தைக் கொண்டு அமைந்த கட்டில் அது. கட்டில் என்னும் சொல் அரியணையையும் குறித்தது. முரசு வைக்கும் கட்டில் என அறியாது அதன்மேல் உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரைச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை தண்டியாது, கவரி வீசி நின்ற வரலாற்றைப் புறநானூறு கூறுவதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இத்தகைய பொருள்கள் மரபுரிமையாக இருந்து வந்தவை. எளியோர் வீட்டுப் பாயோ கிழிந்தால் மண்ணோடு மண்ணாகும். மணை உடைந்தால் அடுப்புக்கு விறகாகும். ஆகையால், வேண்டாத தட்டுமுட்டுப் பொருளை என் செய்வது என்ற கேள்வியே அக்காலத்தில் பெரிதாக எழுந்திருக்க இடமில்லை.

அக்கேள்வி கடல் கடந்து வந்தது என்று சொன்னால் நீங்கள் வியப்படையக்கூடும். இதற்குச் சொற்களே சான்று பகர்கின்றன. நாற்காலி, முக்காலி என்பன காலின் எண்ணிக்கையைக் கொண்டு நாமே படைத்துக்கொண்ட பெயர்கள். ஆனால் மேசை என்பது போர்த்துக்கீசியச் சொல். அலமாரியும் அம்மொழியிலிருந்து வந்ததே. அலமாரியைப் பூட்டும் சாவியும் போர்த்துக்கீசியம். இலங்கைத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்று அழைப்பதும் அம்மொழியின் வழியாகத்தான். போர்த்துக்கீசியர் 1520களில் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் குடியேறினர். அவர்கள் மேசையையும் அலமாரியையும் மட்டும் நமக்கு அறிமுகப்படுத்தவில்லை. பொருளைப் பலர் முன்னிலையில் கூவி, மிகுதியாகக் கேட்பவர்க்குக் கொடுக்கும் முறைக்கு நாம் வழங்கும் ஏலம் என்ற சொல்லும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்தே வந்தது. பொருளின் பெயரும், அதை அகற்றும் வழியின் பெயரும் ஒரே மொழியிலிருந்து நம்மை வந்தடைந்தன.

1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்று, பின்னர்க் கோட்டை கட்டத் தொடங்கினர். கம்பெனி அலுவலர்கள் சில ஆண்டுகளே இங்கிருந்தனர். சிலர் பொருளீட்டித் தாயகம் திரும்பினர். பலர் நோய்வாய்ப்பட்டு இங்கேயே மாண்டனர். இருவகையினரும் விட்டுச் சென்ற நாற்காலிகளையும் மேசைகளையும் கட்டில்களையும் கப்பலில் ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. எனவே, கோட்டையில் ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைகளைப் பொதுவில் கூவி விற்று, கிடைத்த பணத்தை அவருடைய உரியவர்களிடம் சேர்ப்பது வழக்கமாயிற்று. 1785இல் சென்னையின் முதல் செய்தித்தாளாகிய 'மெட்ராஸ் கூரியர்' தோன்றியபின், இத்தகைய விற்பனைகளை அறிவிக்க அச்சு வழியும் பிறந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்ற குரல் அடங்கியதும், நேற்று வரை ஆங்கில அலுவலர் சாய்ந்திருந்த நாற்காலி இன்று வேறொரு வீட்டுத் தாழ்வாரத்தை அடைந்துவிடும். உள்ளூர்த் தச்சர்கள் அவற்றைப் பார்த்துத் தாமும் அவ்வாறே செய்யக் கற்றனர். அக்காலத்தில் சென்னை அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் ஆங்கிலேயரின் வடிவங்களைப் பின்பற்றித் தந்தம் பதித்துச் செய்த நாற்காலிகளும் பெட்டிகளும் இலண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் காட்சிக்குரிய பொருள்களாக விளங்குகின்றன.

இங்கே நாம் சிறிது நின்று, ஒரு பழைய பொருள் இவ்வாறு கைக்குக் கை மாற முடிந்ததற்குக் காரணம் யாது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதற்காரணம் மரம். சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாயிருந்த மலபாரில் ஆட்சியராக விளங்கிய கனோலி என்பவர், 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க முற்பட்டார். கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. காட்டு மரங்களோ வெட்ட வெட்டக் குறைந்து வந்தன. சாத்து மேனோன் என்ற அலுவலர் அம்முயற்சிக்குத் துணை நின்று கன்றுகளை வளர்த்தெடுத்தார். தேக்கு முற்றி வெட்டுதற்கு உரியதாக ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குமேல் செல்லும். 1855இல் கொலையுண்ட கனோலி, தாம் நடுவித்த கன்றுகள் நெடுமரமாவதைக் காணவில்லை. நட்டவர் காணாத பயனைப் பிறர் காண்பர் என்ற உறுதியோடு வளர்க்கப்படுவது தேக்கு. மாற்றார் கைக்குச் செல்லும் இயல்பு அம்மரத்தோடே பிறந்தது எனலாம்.

இரண்டாவது காரணம் பொருத்து. பழைய தச்சர் கட்டில் செய்யும் முறையைக் கூர்ந்து பாருங்கள். காலாக நிற்கும் மரத்தில் உளியால் சதுரமாகத் துளையிடுவர். சட்டத்தின் முனையை அத்துளைக்கு ஏற்பச் செதுக்கி நுழைப்பர். பின்னர்க் குறுக்கே சிறு மரமுளை ஒன்றை அறைந்து இறுக்குவர். அம்முளையை எதிர்ப்புறத்திலிருந்து தட்டினால் அது வெளியே வந்துவிடும். கட்டில் மீண்டும் கால் வேறாகவும் சட்டம் வேறாகவும் பிரிந்துவிடும். சேர்க்கத் தெரிந்த கையே பிரிக்கவும் வழி வைத்திருந்தது. ஒரு கால் பழுதானால் அதனை மட்டும் மாற்றலாம். கட்டில் வேண்டாமெனில் அதன் சட்டங்களை இழைப்புளியால் இழைத்து விசிப்பலகை செய்யலாம்; பலகை வேண்டாமெனில் சிறு பெட்டி செய்யலாம். ஒன்றுக்கும் உதவாத துண்டே அடுப்புக்குச் செல்லும்.

ஆக, பழைய தட்டுமுட்டுப் பொருள் வீட்டை விட்டு வெளியேறுவதற்கு மூன்று வாயில்கள் இருந்தன. முதல் வாயில் உறவு: அண்ணன் வீட்டுக் கட்டில் தம்பி வீட்டுக்கும், திருமணமான மகள் வீட்டுக்கும் செல்லும். இரண்டாம் வாயில் சந்தை: உறவில் கொள்வாரில்லையெனில் ஏலக்கூடத்துக்கோ பழம்பொருள் அங்காடிக்கோ செல்லும். மூன்றாம் வாயில் தச்சுப்பட்டறை: சந்தையிலும் விலைபோகாததைத் தச்சர் பிரித்து வேறொன்றாக்குவார். இம்மூன்று வாயில்களும் திறந்திருந்த வரையில் நகரத் தெருக்களில் நாற்காலியும் கட்டிலும் குப்பையாகக் கிடந்ததில்லை.

சந்தை என்னும் இரண்டாம் வாயிலுக்குச் சென்னையில் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1900இல் அது திறக்கப்பெற்றது. சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்துச் செங்கல் நிறத்தில் வளைவுகளோடும் கோபுரங்களோடும் எழுந்த அக்கட்டடம், காலப்போக்கில் பழம்பொருள்களின் தலைநகரமாயிற்று. 1982இல் நான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றுவந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகங்களைத் தேடி அங்குச் செல்வேன். புத்தகக் குவியல்களைக் கடந்தால் இசைத்தட்டுகள், அப்பால் கடிகாரங்கள், அவற்றையும் கடந்தால் சாய்வு நாற்காலிகளும் எழுது மேசைகளும். மேசை இழுப்பறை ஒன்றைத் திறந்து பார்த்தபோது, முன்னைய உடைமையாளரின் மையொற்றுத்தாள் உள்ளே கிடந்ததைக் கண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த மேசையை வாங்கப் பயிற்சி மாணவனாகிய என்னிடம் பணமில்லை. விலை கேட்டதற்கே கடைக்காரர் புன்னகையோடு, "வேலை கிடைத்ததும் வாருங்கள் தம்பி, மேசை எங்கும் ஓடிப்போகாது" என்றார். வேலை கிடைத்தது, ஆனால் மேசைதான் இல்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இரயில்வேயின் கட்டடம் எழுந்தது. வணிகர்கள் அருகிலுள்ள அல்லிக்குளத்து வளாகத்துக்கு இடம் பெயர்ந்தனர். எனினும், வழிப்போக்கர் அனைவரும் ஒருமுறையேனும் நுழைந்து பார்க்கும் அந்தப் பழைய கூட்டம் அங்கே மீளவில்லை.

ஏலக்கூடங்களின் வரலாற்றில் மாணவர்கள் அறியவேண்டிய அரிய செய்தி ஒன்றுண்டு. 1947இல் இந்தியா விடுதலை பெற்றதையொட்டி ஆங்கிலேயக் குடும்பங்கள் தாயகம் திரும்பியபோது, அவர்களுடைய இல்லத்துப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. சென்னையில் அக்காலத்தில் விளங்கிய ஏல நிறுவனங்களுள் மர்ரே கம்பெனியும் ஒன்று. அதனை நடத்தியவர் எஸ். ராஜம் என்னும் தமிழர். மக்கள் அவரை மர்ரே ராஜம் என்றே அழைத்தனர். பழைய மேசை நாற்காலிகளை விலை கூறி விற்ற அதே நிறுவனத்தின் பெயரால், 1950களில் சங்க நூல்களையும் பிற பழந்தமிழ் நூல்களையும் அறிஞர் துணைகொண்டு சந்தி பிரித்து, எளியோரும் வாங்கக்கூடிய விலையில் அவர் வெளியிட்டார். மேலே நான் குறிப்பிட்ட நெடுநல்வாடையையும் புறநானூற்றையும் என் தலைமுறை ஆசிரியர்கள் பலர் முதன்முதலில் படித்தது அப்பதிப்புகளில்தான். மற்றவர் வேண்டாமென்று விட்டுச் சென்ற பொருளின் வாணிகம் நடத்தியவர், மற்றவர் படிக்க இயலாது விட்டு வைத்திருந்த நூல்களை மக்கள் கையில் சேர்த்தார். பழையதை உரிய கையில் சேர்ப்பது எத்தகைய தொண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி, இம்மூன்று வாயில்களும் எவ்வாறு குறுகின என்பதைக் காண்போம். 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியம் நகரத்தில் அடுக்கு வீடுகளைக் கட்டியது. தனியாரும் அவ்வழியே முனைந்தனர். ஒரே மனையில் பலர் தனித்தனியே வீட்டுரிமை கொள்ளும் நிலை பெருகியதால், 1994இல் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் அரிதான நகரத்தில் எண்ணற்ற குடும்பங்களுக்கு அடுக்குமாடியே நிழல் தந்தது. அதை நான் குறைகூறப் புகவில்லை. ஆனால் பழைய வீட்டில் இருந்த திண்ணை, பின்கட்டு, கொல்லை, வண்டிக் கொட்டகை ஆகியவை அடுக்குமாடி வீட்டில் இல்லை. இன்றைக்கு வேண்டாத பொருளை, வேண்டுபவர் வரும்வரை வைத்திருக்க அவ்விடங்களே உதவின. மூன்றாம் தளத்து வீட்டில் உள்ளதெல்லாம் சமையலறைக்கு மேலே ஒரு பரண். தம்பியின் வீடும் இரண்டறை. மகளின் வீடும் இரண்டறை. மகனோ கடல் கடந்த நாட்டில். கொடுக்க மனமிருந்தும் கொள்வாரிடம் இடமில்லை. இவ்வாறு உறவு என்னும் முதல் வாயில் குறுகியது.

தச்சுப்பட்டறை என்னும் மூன்றாம் வாயில் குறுகியதற்குக் காரணம் பொருளின் உள்ளீடு மாறியதே. இடையில் இரும்பு வந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் எஃகு அலமாரிகளைச் செய்யத் தொடங்கியது. நம் மக்கள் பீரோ என்று பிரெஞ்சுப் பெயரிட்டு அவற்றை வீடுதோறும் ஏற்றுக்கொண்டனர். இரும்பு பீரோவால் தொல்லையில்லை. பழுதடைந்தாலும் எடைக்கு விலைபோகும், உருகி மீண்டும் இரும்பாகும். பின்னர் வந்ததோ மரத்துகட் பலகை. மரத்தூளையும் சிறு சிராய்களையும் செயற்கைப் பசையோடு கலந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் பலகையாக்கும் தொழில் 1940களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆலைத்தொழிலாக உருவெடுத்தது. வீணாகும் தூளையும் பயனாக்கும் சிக்கனமே அதன் நோக்கம், அந்நோக்கம் பாராட்டத்தக்கது. அதே ஜெர்மனியில் 1937இல் ஓட்டோ பேயர் என்னும் வேதியியலறிஞர் கண்டறிந்த பாலியூரித்தேன் என்ற பொருளிலிருந்து, மெத்தைக்கும் சோபாவுக்கும் உரிய மெல்லிய நுரை பின்னர்ப் பிறந்தது. இவை விலை மலிந்தவை, பார்வைக்கு அழகியவை, எளிதில் கிடைப்பவை. ஆயினும், துகட் பலகையில் ஒருமுறை இறங்கிய திருகாணியைக் கழற்றி மீண்டும் முடுக்கினால் முன்போல் பிடிப்பதில்லை. இழைப்புளி அதில் செல்லாது. நீர் பட்டால் ஊறிப் பொருமும். பசை கலந்திருப்பதால் அடுப்பில் எரிப்பதும் நன்றன்று. நுரையோ மண்ணில் எளிதில் மக்குவதில்லை. சேர்க்கும்போதே பிரிக்கும் வழியை எண்ணாத பொருள்கள் இவை.

இந்த வேறுபாட்டைச் சென்னை மக்கள் அனைவரும் ஒரே வாரத்தில் கண்கூடாகக் கண்டனர். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிரவு அடையாற்றில் வெள்ளம் பெருகியது. அப்பொழுது நாங்கள் சைதாப்பேட்டையில் தாழ்வான தெரு ஒன்றில் குடியிருந்தோம். நீர் வடிந்தபின் வீட்டினுள் சென்று பார்த்தபோது, தந்தையாரின் கட்டில் சேறு படிந்து நின்றுகொண்டிருந்தது. கழுவி நிழலில் உலர்த்தினோம். ஒரு முளையை மட்டும் மாற்றினோம். அது பழையபடி கட்டிலாயிற்று. துணி அலமாரியின் அடிப்பகுதியோ ஊறி வெடித்துப் பொரிவிளங்காய் போல் உதிர்ந்தது. எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் நீர் ஊறிய மெத்தைகளும் சோபாக்களும் பலகைகளும் ஆள் உயரத்துக்குக் குவிந்தன. வேறு மாவட்டங்களிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள், பிழிந்தாலும் கனம் குறையாத அந்த மெத்தைகளை இருவர் மூவராகச் சேர்ந்து தூக்கி லாரிகளில் ஏற்றினர். நகரத்துக் குப்பை சென்று சேரும் இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். அவற்றுள் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் அமைந்தது. மழைநீரைத் தாங்கி நகரத்தைக் காக்கவேண்டிய அச்சதுப்புநிலம், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பெற்றது. வெள்ளம் கெடுத்த பொருளை, வெள்ளத்தைத் தாங்கும் நிலத்தின் மேல் கொட்டும் நிலைக்கு நாம் வந்திருந்தோம்.

அடிவெடித்த அந்த அலமாரியை, பணம் கொடுத்து வாங்கிய பொருள் என்ற பற்றினால் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். 2019இல் புது வீட்டுக்கும் சுமந்து சென்றோம். அங்கே இடமில்லை என்று கண்டபின், பழைய சாமான் வாங்கும் ஒருவரை அழைத்தேன். அவர் அலமாரியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "ஐயா, இது மரமில்லை, தூள். இரும்பாயிருந்தால் எடைக்கு எடுப்பேன். தேக்காயிருந்தால் தச்சரிடம் சேர்ப்பேன். இதை எடுத்துப் போனால் வண்டிக் கூலி எனக்கு நட்டம்" என்றார். முந்நூறு ஆண்டு வரலாற்றை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். அறநிலையம் ஒன்றைக் கேட்டேன். உடைந்ததை ஏற்பதில்லை என்றனர். மாடிப்படியில் எதையும் வைக்கலாகாது என்பது குடியிருப்புச் சங்கத்தின் விதி. அவ்விதி நன்று; தீ நேர்ந்தால் படியே உயிர்வழி.

பிறகு நான் செய்ததைச் சொல்ல நாணுகிறேன். ஆயினும் சொல்லாவிடில் இந்தப் பேச்சு நேர்மையுடையதாகாது. மூன்றாம் மாத இறுதியில் ஒருநாள் இரவு பத்து மணிக்குமேல், காவலாளியின் உதவியோடு அலமாரியைக் கீழே இறக்கித் தெருமுனைக் குப்பைத் தொட்டியருகே சாய்த்துவிட்டு வந்தேன். அன்றிரவு மழை பெய்தது. விடியற்காலையில் பால் வாங்கச் சென்றபோது, துப்புரவுப் பணியாளராகிய ஓர் அம்மையார் ஊறிப்போன பலகைகளைக் கையாலும் காலாலும் பெயர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தள்ளுவண்டியில் ஒரு கதவு கூட அடங்கவில்லை. என்னைக் கண்டு, "இது யார் வீட்டுச் சாமான் என்று தெரியுமா ஐயா?" என்று கேட்டார். தாள் துண்டைக் கூடையில் இடாத மாணவனை முப்பத்தைந்து ஆண்டுகள் எழுப்பி நிறுத்தியவன் நான். அன்று நான் நின்றேன். "என் வீட்டுடையதுதான் அம்மா" என்று சொல்லச் சிறிது நேரம் பிடித்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பகலில் சொல்லியிருந்தால் வண்டிக்கு ஏற்பாடு செய்திருக்கலாமே" என்று மட்டும் கூறினார். சிறிய சரக்கு வண்டி ஒன்றை அழைத்து, மாநகராட்சியின் கிடங்குக்கு அதை அனுப்பிவைத்தேன். ஏற்றுவதற்கு நானும் கைகொடுத்தேன். அப்பொழுதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

மாணவ நண்பர்களே, வேண்டாத பொருளை அகற்றுவது ஒரு கடமை. அக்கடமையை இரவில் இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிடுதல் ஆகாது. போகியன்று பழையதைத் தீயிலிடும் நம் வழக்கத்தையும் இங்கு நினைத்துப் பார்க்கவேண்டும். கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த காலத்தில் அத்தீ குளிர்காய உதவியது. ரப்பரும் நுரையும் பசைப்பலகையும் எரியும் காலத்தில் அது நஞ்சாகிறது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையைச் சூழ்ந்த புகைமூட்டத்தால் விமானங்களும் தரையிறங்க இடர்ப்பட்டன. பொருளின் இயல்பு மாறியபின் பழைய வழக்கத்தை அப்படியே கொள்ளுதல் பொருந்தாது.

அப்படியாயின், அடைபட்ட வாயில்களை மீண்டும் திறக்க இயலுமா? இயலும். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் பழைய கட்டிலும் நாற்காலியும் இன்றும் கைமாறுகின்றன. 2025ஆம் ஆண்டு அக்டோபரில், பயன்படாத சோபா, மெத்தை முதலியவற்றைப் பதிவு செய்துகொண்ட வீடுகளிலிருந்து சனிக்கிழமைகளில் பெற்றுச் செல்லும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி தொடங்கியது. 1688 முதல் இயங்கிவரும் நம் மாநகராட்சி, வீட்டுக் கூடத்துக்கே வந்து பழம்பொருளைக் கேட்பது வரவேற்கத்தக்க மாறுதல். எனினும், கொண்டு செல்ல வண்டி வந்துவிட்டதால் மட்டும் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. வாங்கும் நாளிலேயே மூன்று வினாக்களை நாம் எழுப்பவேண்டும். இது பழுதானால் திருத்த வல்லார் உளரா? எனக்கு வேண்டாதபோது வேறொருவர்க்குப் பயன்படுமா? எவர்க்கும் பயன்படாதபோது இதைப் பிரித்து, மரத்தை மரமாகவும் இரும்பை இரும்பாகவும் எடுத்துக்கொள்ள முடியுமா? இம்மூன்றும் நான் முன் கூறிய மூன்று வாயில்களே. ஒன்றுக்கேனும் 'ஆம்' என்ற விடை கிடைக்காத பொருள், விலை எத்துணை மலிவாயினும், நம் வீட்டுக்கு மலிவன்று.

இறுதியாக, என் தந்தையாரின் கட்டில் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். என் பழைய மாணவர் ஒருவர் தம் பகுதிச் சிறுவர்க்கு மாலை நேரத்தில் இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுதுகின்றனர் என்று அவர் கூறியிருந்தார். ஒரு முற்பகலில் அவர் ஒரு தச்சரோடு வந்தார். தச்சர் கொட்டாப்புளியால் முளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். அரைமணி நேரத்தில் கட்டில் நான்கு கால்களாகவும் சட்டங்களாகவும் பலகைகளாகவும் பிரிந்து, மின்தூக்கியில் நுழையாதது படிவழியே தோளில் இறங்கிச் சென்றது. அடுத்த மாதம் நான் அங்குச் சென்றபோது, அது இரண்டு நீண்ட விசிப்பலகைகளாக நின்றது. எட்டு வயதில் நான் கட்டில் சட்டத்தில் ஆணியால் என் பெயரின் முதலெழுத்தைக் கீறி, தந்தையாரிடம் அடி வாங்கியதுண்டு. அந்தக் கீறல் ஒரு விசிப்பலகையின் விளிம்பில் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக வேறோர் எழுத்தும் கீறப்பட்டிருந்தது. எழுதிய சிறுவன் என்னைக் கண்டு அஞ்சிக் கையால் அதை மறைத்தான்.

நான் அவனை எழுப்பி நிறுத்தவில்லை. அவனருகே அமர்ந்து, அன்றைய பாடம் எதுவென்று கேட்டேன்.